சுஹைராவின் கணினியில் இன்னும் படம் வரவில்லை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. வழியில் கிடைத்தது. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கணினிக் கடையில், பிரிண்டருக்கு மை வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஒரு குளியல் துவாயைக் கண்ணாடி மேசையில் வைத்து மெல்லப் பிரித்தாள். உள்ளே ஒரு கிராஃபிக் கார்ட் இருந்தது, தொட்டிலில் கிடத்திய பிள்ளை மாதிரி. கடைக்காரர் சரீப் தலையில் கை வைத்தார். நான் மையை மறந்துபோனேன்.

அவள் பெயர் சுஹைரா. கிண்ணியாக்காரி. கதையாக எழுதட்டுமா என்று கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதுங்க. ஆனா என்னை அழ வைக்கக் கூடாது. நான் அழல்ல."

சரி என்றேன். எழுதுகிறவன் கொடுக்கிற வாக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்.

2

தொடக்கம் ஒன்று: துறைமுகத்தில் கப்பல்கள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—

(வேண்டாம். எந்தக் கப்பலும் இந்தக் கதைக்குள் வரப்போவதில்லை. திருகோணமலை என்றவுடன் கை தானாகத் துறைமுகத்துக்கு ஓடுகிறது. கெட்ட பழக்கம்.)

தொடக்கம் இரண்டு: சுஹைரா, இருபத்தாறு வயது, நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை, அமைதியான சுபாவம்—

(கலியாண விளம்பரம் போல இருக்கிறது. தவிர, அமைதியான சுபாவம் என்பது பச்சைப் பொய்.)

தொடக்கம் மூன்று: அவள் கணவன் இஹ்ஸான் தோஹாவிலிருந்து எடுக்கிற தொலைபேசிக் கோல் வரவரச் சுருங்கிக்கொண்டே வந்தது.

இது நிற்கட்டும். கதை இங்கேதான் தொடங்குகிறது. கலியாணம் முடித்த கையோடு லீவு முடிந்து இஹ்ஸான் திரும்பிப் போய்விட்டான். அங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை. முதலில் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். பிறகு இப்படி ஆனது:

"சாப்பிட்டீங்களா?"

"ஓம். நீங்க?"

"ஓம். அங்க வெயிலா?"

"வெயில்தான்."

அதன் பிறகு இரண்டு பேரும் மற்றவர் அறையில் சுற்றுகிற மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கோலை வெட்டவும் மனம் வராது, கதைக்கவும் ஒன்றும் இராது. சுஹைராவுக்கு அதற்கு வழி தெரியவில்லை. கோபம் என்றால் சமாளித்துவிடலாம், இதை என்ன செய்வது?

அப்போதுதான் இஹ்ஸான் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். அறையில் இருக்கிறவர்கள் கணினியில் ஆடுவது. இரண்டு பேர் ஒரு பாழடைந்த தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தர் பார்க்காத பக்கத்தை மற்றவர் பார்த்துச் சொன்னால்தான் உயிர் தப்பலாம். வாய் மூடினால் ஆள் காலி. சுஹைரா எழும்பி உட்கார்ந்தாள்.

"அது என்ட போன்ல ஆடேலாதா?"

"ஏலாது. கணினி வேணும். சும்மா கணினி இல்ல, கேமிங் கணினி."

"அப்ப பாகம் வாங்கிப் பூட்டுவம்."

3

(இங்கே இஹ்ஸானைக் கொஞ்சம் கெட்டவனாக்கலாம் என்று யோசித்தேன். மனைவியை விட்டுவிட்டு விளையாட்டில் மூழ்கிய கணவன். கதைக்கு ஒரு இழுபறி வேண்டாமா? சுஹைராவிடம் சொன்னேன். "அவர் என்ட புருசன். உங்கட வில்லன் இல்ல" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

பகல் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கடையின் பின்னறையில் இருந்து அவள் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். கையில் இருப்பதோ கொஞ்சக் காசு. அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். பாகங்கள் தனித்தனியே நல்லவையாக இருந்தால் போதாது, ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் வேண்டும். புரோசசர் எதுவோ அதற்கேற்ற மதர்போர்ட், அந்த போர்ட் ஏற்கிற ரேம், எல்லாவற்றுக்கும் மின்சாரம் போதுமான பவர் சப்ளை, கடைசியில் இத்தனையையும் உள்ளே வாங்குகிற கேசிங்.

இது அவளுக்கு உடனே பிடிபட்டது. இரண்டு நல்ல மாத்திரை ஒரு வயிற்றுக்குள் போய்ச் சண்டை பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்த சங்கதி. (இந்த ஒப்பீடு அவளுடையது. நான் மாப்பிள்ளை பெண் பொருத்தம் என்று ஏதோ எழுதியிருந்தேன். மூக்கைச் சுளித்தாள்.)

புரோசசரைச் சரீப்பிடம் வாங்கினாள். மலிவானது, ஆனால் கெட்டிக்காரன். சரீப் ஒரு எச்சரிக்கையோடுதான் கொடுத்தார்.

"தங்கச்சி, இது தானாப் படம் காட்டாது. படம் காட்டுறது கார்ட்தான். திரையில இருந்து வாற வயரைக் கார்ட்டிலதான் குத்தணும். போர்ட்டிலயும் அதே மாதிரி ஓட்டை ஒண்டு கிடக்கும், அதில குத்திராதீங்க."

"ஓம் நானா, ஓம்" என்றாள். அவள் கண் அந்நேரம் கண்ணாடிப் பக்கமும் சிவப்பு விளக்கும் வைத்த ஒரு கேசிங்கில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும், ஒரு பழைய திரையையும் வாங்கிவிட்டாள்.

(வாசகரே, சரீப் சொன்னதை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சுட்டிக் காட்டக் கூடாது என்பார்கள். காட்டிவிட்டேன், போகட்டும்.)

4

மற்றப் பாகங்கள் தோஹாவிலிருந்து வந்தன. எப்படி வந்தன என்பதில்தான் எல்லாக் கூத்தும்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவரிடம் சாமான் கொடுத்து அனுப்புவது நம் ஊரில் தெரியாத வழக்கமா? ஆள் வருகிறது என்றால் நாலு வீட்டுச் சாமான் அவர் பெட்டிக்குள். நிறை கூடினால் விமான நிலையத்தில் அவமானம். ஆகவே கொடுக்கிறவர்கள் அட்டைப் பெட்டிகளை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுற்றிக் கொடுப்பார்கள். இஹ்ஸானும் அப்படித்தான் செய்தான். கிராஃபிக் கார்ட் துவாய்க்குள். மதர்போர்ட் இரண்டு பால்மாப் பைகளுக்கு நடுவில். ரேம் ஒரு காலுறைக்குள். கொண்டுவந்த றஊப் நானா, பாவம், பிஸ்கட் என்று நினைத்திருந்தார்.

காலுறையைக் கண்டு சரீப் ஆடிப்போனார்.

"காலுறை உரசி வாற மின்சாரம் இதில பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"கழுவின காலுறைதான் நானா" என்றாள் சுஹைரா, மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்காமல்.

சோதித்துப் பார்த்தார்கள். ரேம் உயிரோடுதான் இருந்தது. பிறகு சரீப் கார்ட்டை எடுத்துக் கேசிங்குக்குள் வைத்துப் பார்த்தார். போகவில்லை. சாய்த்துப் பார்த்தார். ஊஹூம். கார்ட் இரண்டு விரல் அளவு நீளம் கூடுதல்.

அன்று மாலை கோல் வந்தது.

"பெட்டி எங்க மச்சான்?"

"எந்தப் பெட்டி?"

"கார்ட் வந்த பெட்டி. அதிலதானே நீளம் போட்டிருக்கும்."

"அதக் குப்பையில போட்டன். நிறை கூடும் எண்டு."

"கேசிங் வாங்க முதல் எனக்கு நீளம் சொல்லியிருக்க வேணாமா?"

"நீங்க கேசிங் வாங்க முதல் என்னைக் கேட்டிருக்க வேணாமா? சிவப்பு லைட்டக் கண்டு மயங்கிட்டு."

"மயங்கினதுதான். வடிவாத்தானே இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். அவளும். அன்று மின்விசிறிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

5

கேசிங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் சரீப். சுஹைராவுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் வைத்து உள்ளுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கூடு. பழைய காலத்துப் பெரிய டிஸ்க் வைப்பதற்காம். அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை. கூட்டைச் சட்டத்தோடு பிடித்திருந்தவை வெறும் ஸ்க்ரூக்கள்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து இஹ்ஸான் வீடியோவில் வந்தான். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குசினியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார்.

"அது வெடிக்காதா புள்ள?"

"வெடிக்காதும்மா. நீங்க தேத்தண்ணியப் போடுங்க."

ஸ்க்ரூக்கள் கழன்றன. கூடு கையோடு வந்தது. மற்றப் பாகங்களைப் பூட்டி முடித்துவிட்டுக் கார்ட்டை உள்ளே விட்டாள். அது இடம் தேடி, வழுக்கி, 'டக்' என்று உட்கார்ந்தது.

அந்த 'டக்'கை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவளைக் கேட்டேன். "உள்ளுக்க ஒரு துள்ளு துள்ளிச்சு, அவ்வளவுதான்" என்றாள். ஆகவே: உள்ளுக்குள் ஒரு துள்ளு துள்ளியது.

"மச்சான், உள்ளுக்குப் போயிட்டு."

"எனக்குக் கேட்டது" என்றான் அவன், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து.

6

திரையின் வயரைக் குத்தினாள். கேசிங்கின் பின்பக்கத்தில், கைக்கு வசதியாக, மேலே ஒரு ஓட்டை இருந்தது. அதில்.

(ஆம். எனக்கும் தெரியும். பொறுங்கள்.)

பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுழன்றன. சிவப்பு விளக்கு எரிந்து பாயெல்லாம் சிவந்தது. உம்மா "யா அல்லாஹ்" என்று தேத்தண்ணியோடு பின்வாங்கினார். திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"படம் வருதில்ல."

"ரேமக் கழட்டிப் பூட்டிப் பாருங்க."

பூட்டினாள். வரவில்லை. "பவர் வயர்?" சரியாக இருந்தது. சுஹைராவின் முகம் வாடியது. (அழவில்லை. சொன்ன சொல் தவறமாட்டேன்.)

"துவாயாலதான் பழுதாப் போயிருக்கும்" என்றான் இஹ்ஸான். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது சுஹைரா. வந்த புதுசில அறையில கேஸ் அடுப்பப் பத்த வைக்கத் தெரியாம, ஆக்களக் கேக்கவும் வெக்கப்பட்டு, வெறும் பாண் ரொட்டியத் தண்ணியில தோச்சுத் திண்டனான்."

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கவலைப்படுவீங்க எண்டு."

"சாப்பிட்டீங்களா எண்டு கேட்டா ஓம் எண்டுதானே சொன்னீங்க."

"பாண் சாப்பிட்டனான்தானே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லுங்க. பிறகு அடுப்ப யார் பத்த வச்ச?"

7

முடிவு ஒன்று: புகை வருகிறது. (சுஹைரா என்னை உயிரோடு விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: சரீப் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வந்து—

(வேண்டாம். அவருக்கும் வெள்ளிக்கிழமை.)

உண்மையான முடிவை அவளிடம் கேட்டேன். "அது எங்கட வீட்டுச் சங்கதி" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். விடை உங்களுக்குத் தெரியும், சரீப் மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டார். மேலே குத்திய வயரைக் கழற்றிக் கீழே கார்ட்டில் குத்தினால் போதும், தீவு தெரியும், இரண்டு பேரும் ஓடத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் அவளிடம் சொல்லலாம். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று. இஹ்ஸான் இன்னும் அடுப்புக் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. அவன் முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்.