லவுத்தோக்கா வரை போய்வந்த கேள்வி

இது நடந்தது ஆகஸ்டிலா செப்டம்பரிலா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. ஃபிஜியில், தலைநகர் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு புகுந்த அந்த இரண்டாயிரமாவது வருஷம்தான். பேசியவர்களின் வார்த்தைகளும் இங்கே கொஞ்சம் முன்பின்னாக வரலாம். வெள்ளிக்கிழமை என்பதும், லீலாவதியிடம் ஒரே ஒரு மணி நேரம்தான் மிச்சமிருந்தது என்பதும் நிச்சயம்.

லீலாவதி பா என்ற சிறு நகரத்தில் நர்ஸ். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் போனில் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதம் வந்து சேர்ந்ததே அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான். அவள் கணவன் தேவேந்திரா இரண்டு நாளாக பக்கத்து நகரமான லவுத்தோக்காவின் சர்க்கரை மில் வாசலில், கரும்பு லாரிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வரிசையில் நிற்கும் லாரிக்குப் போன் கிடையாது.

போவதா இல்லையா என்று அவனிடம் கேட்காமல் அவள் எப்படிச் சொல்வாள்? பதினொரு வருஷக் குடித்தனத்தில் அவன் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பள்ளிக்கூட நோட்டு நிரம்பாது. ஊர் இந்தியர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்கு மூட்டை கட்டியபோதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

“நம்ம செட்டு இருக்கே தங்கச்சி” என்றார் பா ஸ்டாண்டில் நின்ற டாக்சிக்கார ஷவுக்கத்.

அவர் சொன்னது வண்டி ரேடியோவை. கலவரத்துக்குப் பிறகு பாவுக்கும் லவுத்தோக்காவுக்கும் நடுவே ஓடும் டாக்சி, கேரியர் எனும் சிறு சரக்கு வண்டி, லாரி ஓட்டுபவர்கள் பலரும் ரேடியோ செட் மாட்டியிருந்தார்கள். ஒரு செட் ஆறேழு மைல்தான் எட்டும். அதனால் ஒருவர் சொல்வதைக் கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்வார். எந்த வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய பாதை. ஆரம்பத்தில் ஷவுக்கத் டயர் வேண்டும் என்று ஒருமுறை சொல்லப்போக, அந்தச் செய்தி பத்து நாள் அங்கேயும் இங்கேயுமாகச் சுற்றியது. அவர் டயர் மாட்டிய பிறகும் ஆட்கள் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதன்பின், ஒரு செய்தி ஆறு வாய் தாண்டினால் ஏழாவது ஆள் அதை விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

இன்னொரு விதி, முக்கியமான சங்கதியைத் தமிழில் சொல்வது. சாலையில் நிற்கும் சிப்பாய்களுக்கு ஃபிஜி ஹிந்தி நன்றாகவே புரியும். தமிழ் புரியாது. அது இளைய டிரைவர்களுக்கும் புரியாது என்பது வேறு விஷயம். அவர்கள் கோயிலில் மந்திரம் சொல்வதுபோலக் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

பதினொன்று ஐந்துக்கு லீலாவதியின் கேள்வி கிளம்பியது. “ஆக்லாந்து வேலை வந்திருக்கு. போலாமா, வேணாமா?”

நாலே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. சொன்னவர் தேவேந்திராவின் அண்ணன் அப்பல்சாமி. மலைமேல் இருந்த தன் வீட்டில் நீண்ட மூங்கிலை நட்டு, அதில் கம்பி கட்டி, “எல்லாரும் எங்கிட்ட குடுங்க, நான் எந்த மூலைக்கும் எட்டுவேன்” என்று அறிவித்திருந்ததால் எல்லாச் செய்தியும் அவர் வழியாகவே போனது.

“தம்பி சொல்றான் கேளு. அப்பா நட்ட கரும்ப உட்டுட்டு, அண்ணன தனியா உட்டுட்டு, குளிர்ல போயி நடுங்கறது எதுக்கு, மனுசனுக்கு மண்ணு முக்கியம், அதனால வேணாம்னு சொல்றான். ஓவர்.”

லீலாவதி ஷவுக்கத் பக்கம் திரும்பினாள்.

“பாய், இது அவர் இல்ல. இவ்ளோ பேசினா அவருக்குக் காய்ச்சல்னு அர்த்தம்.”

“அப்ப அவருக்கு மட்டும் தெரிஞ்சத கேளு.”

அவள் கேட்டாள்: கல்யாணத்தன்று மணவறையில் என்ன நடந்தது? தலைப்பாகை ஓமத்தில் விழுந்து பற்றிக்கொண்டது என்று ஆறு வண்டிகளிலிருந்து பதில் வந்தது. ஆறுமே சரி. அப்பல்சாமியின் பதிலில் தலைப்பாகையின் நிறம்கூட இருந்தது.

“பாதி ஊரு அந்த பந்தல்லதானே சாப்ட்டுச்சு” என்றார் ஷவுக்கத். “உள்ளத கேளு தங்கச்சி. வீட்டுக்குள்ள உள்ளத.”

மணி பதினொன்று இருபது. அவள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கேட்டால் ஊரே கேட்கும். கேட்காவிட்டால் அவன் மனசு என்னவென்று எப்போதுமே தெரியாது.

“குளிக்கிற எடத்துல தேரை இருந்தா என்ன பண்ணுவீங்க? மலை வழியா வேணாம். ரோட்டுல நிக்கிற வண்டிங்க மட்டும் சொல்லுங்க.”

உடனே அப்பல்சாமியின் குரல்: “இதென்ன கேள்வி? செருப்பால அடிச்சு வெரட்டுவானாம். ஆக்லாந்து வேணாமாம். ஓவர்.”

“உங்களக் கேக்கல மாமா.”

“தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.”

“இவ்ளோ சீக்கிரமாவா?”



பதினொன்று முப்பது. நாற்பது. ஷவுக்கத்தின் டாக்சியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மார்க்கெட்டில் தக்காளி விற்ற ஜான்கி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, “தேரை என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கேரியர் ஓட்டும் அவினேஷ் பேசினான். நடுவில் நின்ற மற்ற வண்டிகளைப் போலவே அவனுக்கும் தமிழில் ஒரு சொல் தெரியாது. எது சொல், எது சொல் இல்லை என்றும் தெரியாததால், முன்னால் நின்றவன் கொடுத்ததை எதையும் விடாமல் கொடுத்தான்.

“ம்ம்” என்றான் அவினேஷ். இருமினான். பிறகு நிறுத்தினான்.

“செட்டு செத்துடுச்சா?” என்றாள் ஜான்கி.

“சும்மா இரு அக்கா” என்றாள் லீலாவதி.

அந்த மௌனம் அரை நிமிஷம் இருந்தது. அது சோற்றுத் தட்டின் முன்னாலும், அவள் அப்பா செத்த அன்றும், பதினொரு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மௌனம். நாலு வண்டிகள் கைமாற்றியும் அதில் ஒரு நொடி குறையவில்லை.

“ஸ்டூல் மேல ஏறி நிப்பேன்” என்றான் அவினேஷ், மந்திரம் போல. “லீலாவ கூப்புடுவேன். போலாம்.” இன்னொரு இருமல். “இனிமே இங்க எப்புடி இருக்கறது.”

யாரோ ஒருவர் ஹிந்தியில் மொழிபெயர்க்க, டாக்சி ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. லீலாவதி சிரிக்கவில்லை. ஒரு மனுஷன் இருநூறு லாரிக்காரர்கள் நடுவே நின்று இதைச் சொல்லியிருக்கிறான். அவள் போன் இருந்த கடைக்கு ஓடி, ஆக்லாந்துக்குப் போன் போட்டாள். மணி பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம்.

திரும்பி வந்தபோது செட்டில் அப்பல்சாமி இருந்தார்.

“லீலா, நான் ஏன் அப்புடி சொன்னேன்னு கேக்க மாட்டியா?”

“ஏன் மாமா?”

“அவன் போயிட்டா நான் யாருகூட சண்ட போடுவேன்? ஓவர்.”

அடுத்த ஜனவரியில் லீலாவதியும் தேவேந்திராவும் போய்விட்டார்கள். அவள் அந்த முதியோர் இல்லத்தில் பதினேழு வருஷம் வேலை பார்த்தாள். அவன் பஸ் ஓட்டினான். அப்பல்சாமியின் நிலக் குத்தகை மூன்று வருஷத்தில் முடிந்தது, நிலத்துக்காரர்கள் புதுப்பித்துத் தரவில்லை. அவர் லவுத்தோக்காவில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்தார். ஜான்கி கனடாவில் இருக்கிறாள். அவினேஷ் சொந்தமாக இரண்டு கேரியர் வாங்கினான். ஷவுக்கத் எங்கும் போகவில்லை. பாவில் இன்னும் டாக்சி ஓட்டுகிறார்.