ஏழாம் அறைக் கட்டில்

அம்மாவின் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. ஏழாம் அறை மீசைக்காரர் அறைந்துவிட்டாராம். அவருக்கும் அம்மாவைப் போலவே மறதி நோய்தான். இருந்தால் என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வேலைக்குப் போனால் அம்மாவுக்கு இந்த முதியோர் இல்லத்தை விட்டால் போக்கிடமில்லை.

“அந்த ஆளை வெளியே அனுப்புங்க. இல்லன்னா போலீசுக்குப் போவேன்!” என்று மேனேஜரிடம் கத்தினேன்.

“கண்டிப்பா மேடம். உடனே அனுப்பிடறோம்.”

மறுநாள் லீவு போட்டு அம்மாவோடு உட்கார்ந்தேன். காலைச் சாப்பாடு முடிந்ததுதான் தாமதம், விறுவிறுவென்று ஏழாம் அறைக்குள் போனாள். படுத்திருந்த மீசைக்காரருக்கு அடியிலிருந்து விரிப்பைச் சரக்கென்று உருவினாள். காலமெல்லாம் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்தவள். அவள் கணக்கில் அது ஆள் காலி செய்துவிட்டுப் போன அறை. மனுஷன் கட்டிலிலிருந்து உருளப் பார்த்தார். “திருடி! விடுடி!” என்று கையை ஓங்கினார். குறுக்கே பாய்ந்தேன். அடி என் தோளில் விழுந்தது.

பணிப்பெண் ஓடி வந்தாள். “தினமும் இதே கூத்துதான்க்கா. மேனேஜர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. மாடி முழுக்க நான் ஒருத்தி, எங்கன்னு ஓடறது?”

தினமுமா! மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

“தெரிஞ்சே விட்டிருக்கீங்க! ஒரு கூடைத் துணியைக் கொடுத்து மடிக்கச் சொன்னா எங்கம்மா அவங்க பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாங்களே! அந்த நேரத்துக்கு ஒரு ஆளைப் போட வக்கில்லையா?”

“நீங்க கேட்டபடி அவரைத்தான் அனுப்பறோமே மேடம்?”

“வேண்டாம். அவர் மேல தப்பில்ல.”

“அவர் மகன்கிட்ட சொல்லியாச்சு. சாயந்திரம் வண்டி வருது.”

வந்தது. மீசைக்காரர் கட்டில் கம்பியை விடவே இல்லை. மகன் விரல் விரலாகப் பிரித்தார். “அடிக்கிறவர்னு சொன்னா இனிமே எவன் சேர்த்துப்பான்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் வீட்டுத் துணியை ஒரு கூடை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஏழாம் அறையில் அதற்குள் புது ஆளைப் போட்டிருந்தார்கள். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு கிழவி. அவர் தரையில் கிடந்து முனகிக்கொண்டிருந்தார். அம்மா விரிப்பை அழகாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

“இந்த ரூம் முடிஞ்சுது. அடுத்தது எது?”

மேனேஜர் வந்தார். கிழவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் அதே குரலில் கேட்டார்.

“அம்மாவுக்குச் சாயந்திரம் வண்டி சொல்லிடவா மேடம்?”