ஆலை மூலையில் வடியாத தண்ணீர்

மூன்று நாளாக ஹேடன்ஷா ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ரக்பி மைதானத்தில் எங்கே மிதித்தாலும் தரை காலைத் தாங்கியது. ஆனால் ஆலைப் பக்கத்து மூலையில், கொடி நடுகிற இடத்துக்குச் சற்று உள்ளே, இரண்டு கட்டில் போடுகிற அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. கணுக்கால் ஆழம்கூட இல்லை. ஆனாலும் போகமாட்டேன் என்றது.

க்ளெனிஸ் லம் அதன் கரையில் குந்தியிருந்தாள். குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் குழாய் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு கிளப்பின் புல்தரையைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்கிறாள். ஓரிடத்தில் தண்ணீர் நின்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்பது அவள் அனுபவம். எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது, அல்லது போகிற வழி அடைத்திருக்கிறது.

வருகிறதா என்று தெரிந்துகொள்ள வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளப்பின் தலைக்குழாயை மூடினாள். மீட்டர் முள் அசையவில்லை, குட்டையும் குறையவில்லை. அடைப்பா என்று தெரிந்துகொள்ள, எல்லைக்கோட்டுக்கு வெளியே, வடிகுழாய் தொடங்குகிற தொட்டியில் பச்சைச் சாயம் கரைத்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடைக்கரைக்குப் போய் நின்றாள். மூலைக்கு நேர் அடியில் ஓடும் வடிகுழாய் வழியாக நான்கே நிமிடத்தில் பச்சை வந்து ஓடையில் விழுந்தது. ஆக வரவும் இல்லை, அடைப்பும் இல்லை. தண்ணீர் மட்டும் நின்றது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே குட்டையைக் காட்டி நடுவர் ஆட்டத்தை ரத்து செய்திருந்தார். லீக்கிலிருந்து கடிதம் வந்தது: சொந்த மைதானத்தில் இன்னொரு ஆட்டம் ரத்தானால் கிளப்பை நீக்கிவிடுவார்கள். நல்ல பையன்கள் பெரிய கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள், ஆபத்தானது என்று சொல்லிக் கிழக்குப் பக்கப் பார்வையாளர் ஸ்டாண்டைப் பிரித்தாயிற்று, நாலாயிரம் பேர் வந்த இடத்தில் இப்போது முந்நூறு பேர் வருகிறார்கள். லீக்குக்கு ஒரு சாக்குத்தான் தேவைப்பட்டது. இன்று பன்னிரண்டு மணிக்கு நடுவர் வந்து தரையைப் பார்ப்பார். முடியாது என்று அவர் சொன்னால், நூற்றுப்பதினெட்டு வருடத்து ரக்பி லீக் கிளப் அத்தோடு முடிந்தது.

“என்ன கண்ணு, குளம் வத்தலையா?” பின்னாலிருந்து கிளிஃபோர்ட் சக்டனின் குரல். கிளப் தலைவர். கையில் பேக்கன் சாண்ட்விச். “பதிமூணு வாத்து வாங்கி விட்டுரலாமா? நம்ம டீம் பதிமூணு பேரை விட நல்லா ஆடும்.”

“வாத்தாவது பந்தைக் கீழ போடாது. சாண்ட்விச்சை வெச்சிட்டு வாளியை எடுங்க.”

ஒன்பது மணியிலிருந்து நான்கு பேர் இறைத்தார்கள். வாளி, சமையலறைப் பாத்திரம், கடைசியில் பஞ்சு உருளை. ஒன்பதரைக்குத் தரை தெரிந்தது. சக்டன் கைதட்டினார். க்ளெனிஸ் தட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினைந்து நிமிடத்தில் புல்லின் அடியில் பளபளப்பு தெரிந்தது. இருபது நிமிடத்தில் குட்டை பழையபடி கண்ணைத் திறந்தது.

“இது எங்கேர்ந்துதான் வருது?” சக்டனின் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

“பக்கத்து மண்ணுலேர்ந்து. பூந்தொட்டிக்கு அடியில தட்டு வைப்போமில்ல? தட்டுல இருக்கிற தண்ணியைத் துடைச்சா, மண்ணு ஊறினது திரும்பி வந்து நிரம்பும். இந்த மூலைக்கு அடியில யாரோ ஒரு தட்டு வெச்சிருக்காங்க.”

“குழாய் நல்லாருக்குன்னியே.”

“குழாய் நல்லாத்தான் இருக்கு…” என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவள் சோதித்தது குழாயைத்தான். மண்ணிலிருந்து குழாய்க்குப் போகிற வழியை அல்ல. இந்த மைதானத்தின் அமைப்பு அவளுக்கு மனப்பாடம்: மேலே இரண்டடிக்கு மண், அதற்குக் கீழே அந்தக் காலத்தில் ஆலைக் கொதிகலனிலிருந்து கொண்டுவந்து கொட்டிய கரிக்கட்டிகள், அதற்கும் கீழே குழாய். மண் உறிஞ்சும், கரிக்கட்டி வழிவிடும், குழாய் கொண்டுபோகும். சாயத் தண்ணீரை நேராகக் குழாயில் ஊற்றியதால் மேலிருக்கும் இரண்டும் என்ன நிலையில் இருக்கின்றன என்று அவள் பார்க்கவே இல்லை.

பத்து மணிக்கு வினிஃப்ரெட் ஹேக் வந்தார். எண்பத்தொரு வயது, நுழைவாயில் சுழல்கதவைப் பார்த்துக்கொள்பவர். ஒவ்வொரு ஆட்டத்தன்றும் கதவைத் திறப்பதற்கு முன் இந்த மூலைக்கு வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். இன்றும் வந்தார். குட்டையின் ஓரமாக நடந்தவர், ஓரிடத்தில் காலை வைக்காமல் சுற்றிக்கொண்டு போனார். அங்கே தண்ணீர் இல்லை.

க்ளெனிஸ் அதைப் பார்த்தாள். அவளும் அப்படி ஓரிடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவாள். அங்கிருந்து நான்கு தப்படி தள்ளி.

அவள் மண்வெட்டியை எடுத்துக் குட்டையின் நடுவில் இறக்கினாள். ஓரடி ஆழத்தில் ணங் என்றது. கையைவிட்டுத் துழாவி ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தாள். வெளுத்த சாம்பல் நிறம். நான்கு விரல் தடிமன். பழைய காரை போல இறுகியிருந்தது.

“சிமென்ட்டா?” என்றார் சக்டன்.

“இல்ல.” க்ளெனிஸ் கட்டியைப் புல்மேல் மெதுவாக வைத்தாள். “நம்ம ஆளுங்க.”

கிளப்பின் பழைய ஆட்டக்காரர் லென் அவுத்வைட் கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு சேற்றில் விழுந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தது இந்த மூலையில்தான். அதற்குப் பிறகு ஹேடன்ஷாவில் செத்தவர்கள் எல்லோருக்கும் இங்கேயே வந்து சேர வேண்டும் என்று ஆசை. கிளப் அனுமதி கொடுத்தது பதினோரு பேருக்கு மட்டும். அதுவும் சாம்பலை மெல்லியதாகத் தூவ வேண்டும் என்ற நிபந்தனையோடு.

“வின்னி,” என்றாள் க்ளெனிஸ், “உங்க ஹெர்பர்ட் இங்கதானே இருக்காரு? எப்படி வெச்சீங்க?”

வினிஃப்ரெட்டின் முகம் சிவந்தது. “தூவினா காத்து அடிச்சிட்டுப் போயிரும்டி. எதிர் டீம் ரிசர்வ் பெஞ்சுல போய் விழுவாரு. அவருக்குப் பிடிக்குமா அது? குழி தோண்டி மொத்தமா ஊத்தி, மேல புல்லை வெச்சு மூடிட்டேன். ஒருத்தர்தானே, என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். என் வீட்டுக்காரர் ரேமண்ட் அங்க, நாலு தப்படி தள்ளி இருக்காரு.”

சக்டன் தொண்டையைக் கனைத்தார். “எங்கப்பா… கொடிக்குப் பக்கத்துல.” தேநீர் விற்கும் ஜன்னலில் நின்றிருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கு அண்ணன். இன்னொருவருக்கு அம்மா, சித்தப்பா, அப்புறம் கிளப்பின் சின்னம் பச்சை குத்தியிருந்த மாமனார். எண்ணிப் பார்த்ததில், அதற்குள் அங்கே கூடியிருந்த பத்துப் பேரின் வீட்டிலிருந்தே பதினேழு பேர் வந்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கேட்டால் எவ்வளவோ. தான் ஒருத்தர்தான் விதியை மீறியதாக ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். எல்லோரும் மண்வெட்டி இறங்குகிற அதே ஓரடிக்குத்தான் தோண்டியிருந்தார்கள். எலும்புச் சாம்பலைக் களிமண்ணில் குவியலாகக் கொட்டினால் ஈரத்தில் இறுகிக் காரையாகிவிடும். குழிக்குப் பக்கத்தில் குழி சேர்ந்து ஒரே தட்டு.

மணி பத்து நாற்பது.

“உடைச்சு எடுத்துரலாம்,” என்றார் சக்டன்.

“எடுத்தா பள்ளம். பள்ளத்துல எவன் ஆடுவான்? எடுக்க வேண்டாம், ஓட்டை போட்டாப் போதும். சல்லடை மாதிரி. கீழ கரிக்கட்டி வரைக்கும் இறங்கணும்.”

பிரித்துப்போட்ட ஸ்டாண்டின் இரும்புக் கம்பிகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. கொட்டகையில் எட்டு மூட்டை மணல் இருந்தது. உதைப்பதற்குப் பந்தை நிறுத்த மணல் குவித்த காலத்தில் வாங்கியது. பிளாஸ்டிக் தாங்கி வந்த பிறகு யாரும் தொடவில்லை. க்ளெனிஸ் ஒரு கம்பியையும் சம்மட்டியையும் கொண்டுவந்தாள்.

வினிஃப்ரெட் குறுக்கே வந்து நின்றார். “என் ஹெர்பர்ட் மேல இரும்பை இறக்க விடமாட்டேன். உயிரோட இருக்கறப்ப அவரு விலா மூணு தடவை உடைஞ்சிருக்கு. போதும்.”

க்ளெனிஸ் அவரைச் சுற்றிக்கொண்டு நான்கு தப்படி நடந்தாள். ஆறு வருடமாக மிதிக்காத இடத்தில் பூட்ஸ் காலை வைத்து நின்றாள். கம்பியை நிமிர்த்திப் பிடித்தாள். முதல் அடி நழுவியது. இரண்டாவது அடியில் கம்பி இறங்கியது. ஓரடி ஆழத்தில் கடகடவென்று ஏதோ உடைந்தது. இன்னும் ஓரடி போன பிறகு கம்பி லேசானது. அதை ஆட்டி ஆட்டி உருவினாள்.

துளைக்குள் தண்ணீர் களக் என்று விழுந்தது. சுற்றியிருந்த நீர் மெல்லச் சுழன்றது. ஒரு காய்ந்த புல் அதோடு சேர்ந்து சுற்றி உள்ளே போயிற்று.

வினிஃப்ரெட் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். “தள்ளி நில்லு கிளிஃபோர்ட். உன் அடி கோணலா விழும். அவருக்கு நான்தான் கம்பி பிடிப்பேன். நீ அடிடி க்ளெனிஸ்.”

பத்துப் பேர், ஐந்து கம்பி. ஒருவர் பிடிக்க ஒருவர் அடித்தார்கள். துளை போட்டவுடன் மணலைக் கொட்டிக் குச்சியால் குத்தி நிரப்பினார்கள்; மணல் இல்லாவிட்டால் களிமண் சரிந்து பத்து நிமிடத்தில் துளை மூடிவிடும். பதினொன்றரைக்கு இரண்டு கம்பிகள் வளைந்து உதவாமல் போயின. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி மூட்டை காலி. குட்டை இருந்த இடத்தில் ஈரப்புல்லும் வரிசை வரிசையாக மணல் பொட்டுகளும்தான் இருந்தன.

நடுவர் பிக்கர்ஸ்கில் நேராக அந்த மூலைக்கு வந்தார். குதிகாலை ஊன்றி முழு எடையையும் கொடுத்து நின்றார். பிறகு காலை எடுத்துத் தடத்தைப் பார்த்தார். எல்லோரும் அந்தத் தடத்தையே பார்த்தார்கள். அதில் தண்ணீர் ஊறினால் போச்சு.

ஒரு நிமிடம் போயிற்று. ஊறவில்லை.

“இதென்னங்க பொட்டு பொட்டா?”

“வடிகால்,” என்றாள் க்ளெனிஸ்.

“ரெண்டரைக்கு ஆட்டம். ஆனா இந்த வருஷம் இன்னும் நாலு ஆட்டம் இங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வந்து பார்ப்பேன்.”

“வாங்க. நாலு தடவையும் டீ உண்டு.”

அவர் போனதும் க்ளெனிஸ் கொட்டகைக்குப் போனாள். தனக்குப் பிறகு புல்லைப் பார்க்கப்போகிறவருக்கு, அப்படி ஒருவர் வந்தால், தெரிய வேண்டுமே என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவின் உட்புறம் அடித்தாள்:

‘ஆலை மூலையில் தண்ணீர் நின்றால் குழாயைத் தோண்டாதே, அது நன்றாக இருக்கிறது. ஓரடி ஆழத்தில் சாம்பல் இறுகிக் கிடக்கிறது. சாணுக்கு ஒரு துளை, இரண்டடி ஆழம், கம்பி லேசாகும் வரை. உடனே பருமணல் நிரப்பு. ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் மறுபடி செய். இனி சாம்பல் கொண்டுவருகிறவர்களை வேலியோரப் பூப்பாத்திக்கு அனுப்பு.’