வலி மருந்து கொடுத்த காலை

எட்டு வாரமாக நான் ஒரு குதிரையின் முதுகோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அந்த முதுகைச் சுற்றித்தான்.

என் அண்ணன் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறான். லாயம் என் பொறுப்பு. பதினோரு குதிரைகளில் ஒன்றை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். தீனியை முதலில் அதற்கு வைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அப்படி ஒரு முறுக்கு. அந்த மாப்பிள்ளை ஒருநாள் பாடத்தின் நடுவே துள்ளி, முதுகில் இருந்த பயிற்சியாளரைத் தூக்கி எறிந்தது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. எல்லோரும் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அதற்கு இரண்டு அடி போட்டேன். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, திமிரெல்லாம் இல்லை, முதுகுவலி என்றார். எலும்பில் கோளாறில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது என்று, கையாலேயே தசையைத் தளர்த்திவிடும் ஆஸ்டியோபதி டாக்டரம்மா ஒருவரை அனுப்பிவைத்தார்.

அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"எட்டு வாரம் பாப்பேன். அதுக்குள்ள சரியாகலன்னா வண்டிக்காரனைக் கூப்பிட்டுடுவேன். இன்னொருத்தர் விழுந்து கழுத்து முறிஞ்சா அந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வேண்டாத குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் அந்த வண்டிக்காரன். அவன் கொண்டுபோன எதுவும் திரும்பி வந்ததில்லை.

டாக்டரம்மாவிடம் ஊசியும் இல்லை, மெஷினும் இல்லை. இரண்டு கைதான். கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் தேடிக்கொண்டே போவார். சேணத்தின் பின்பக்கம் உட்காருகிற இடத்தில், இடதுபுறம், அவர் விரல் பட்டதும் மாப்பிள்ளை காதை மடக்கிக்கொண்டு முதுகைக் கீழே இறக்கும். அங்கேயே கையை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். பத்து நிமிடம் கழித்துக் குதிரை தலையைத் தொங்கவிட்டுக் கொட்டாவி விடும். அதைப் பார்த்தால் எனக்கும் கொட்டாவி வரும்.

"என் வேலை கால்வாசிதான், மீதி முக்கால்வாசி உங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் போவார். தினமும் முன்னங்கால்களுக்கு நடுவே கேரட்டைக் காட்டித் தலையைக் குனிய வைக்கவேண்டும், அப்போது முதுகு மேலே எழும்பும். வயிற்றுக்கு அடியில் விரலால் அழுத்தினாலும் எழும்பும். தரையில் கட்டைகளைப் போட்டு, முதுகில் சுமை ஏற்றாமல், இருபது நிமிடம் நடத்தவேண்டும். மழையிலும் நடத்தினேன், எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் நடத்தினேன். ஆறாவது வாரம் டாக்டரம்மா, "பாதிக்கு மேல தேறிடுச்சு, விடாதீங்க" என்றார்.

கடைசிச் சோதனைக்கு முந்தின நாள் பிரஷ் போடும்போது, அதே இடத்தில் தோல் வெடுக்கென்று சிலிர்த்தது. ஈயா, வலியா? இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மருந்து அலமாரி பூட்டியிருந்தது. சாவியை அண்ணன் எங்கே வைப்பான் என்று எனக்கா தெரியாது? விடிந்ததும் வலி மருந்துப் பொடியை எடுத்துத் தீனியில் கலந்துவிட்டேன்.

அன்று டாக்டரம்மா விரலால் அழுத்தினார், முழங்கையாலும் அழுத்தினார். மாப்பிள்ளை அசையவே இல்லை.

"நானே எதிர்பாக்கல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் சேணம் போட்டான். "முதல்ல நானே ஏறிப் பாக்குறேன்" என்று அங்கவடியில் காலை வைத்தான். அடுத்த கால் தரையை விட்டு எழும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வலி இருந்து, மருந்தின் வேகம் பாதியில் இறங்கினால்? விழப்போகிறவன் என் கூடப்பிறந்தவன்.

"அண்ணா, இறங்கு. காலையில நான் வலி மருந்து குடுத்துட்டேன்."

அவன் இறங்கினான். சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "எங்க வலிக்குதுன்னு அதுகிட்ட கேக்கத்தான் நான் வர்றேன். நீங்க அது வாயைக் கட்டிட்டீங்க." பிறகு அண்ணனிடம், "மருந்து உடம்பை விட்டுப் போகட்டும். நாலு நாள் கழிச்சு வந்து பாக்குறேன்" என்றார். அவருக்காக அண்ணன் ஒத்துக்கொண்டான்.

நான்கு நாளும் மாப்பிள்ளைக்குத் தண்ணீர், புல், கேரட் தவிர எதுவும் கொடுக்கவில்லை. என் பிள்ளைகள்மேல் சத்தியம்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா வந்தார். அதே இடத்தில் கை வைத்தார். அழுத்தினார். மாப்பிள்ளை காதை முன்னால் நீட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றது. வலி இல்லை. உண்மையாகவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தியா அண்ணா" என்றேன்.

"பாத்தேன். அன்னைக்கும் இப்படித்தானே நின்னுச்சு."

"இன்னைக்கு எதுவும் குடுக்கலண்ணா. அலமாரி பூட்டித்தானே இருக்கு, சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"அன்னைக்கும் பூட்டித்தான் இருந்துச்சு."

"ரத்தம் எடுத்துப் பாரு."

"இன்னைக்கு ரத்தத்துல இல்லன்னு வரும். நாளைக்கு? அடுத்த மாசம்? பசங்க ஏறுற குதிரை இது. அதுக்கு வலிச்சா முதல்ல தெரியுறது உனக்கு. நீ சொல்லுவேன்னு நம்பித்தான் நான் ஆளை ஏத்தணும். அந்த நம்பிக்கை எனக்குப் போயிடுச்சு."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "நீங்களாவது சொல்லுங்க" என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கைக்குத் தெரிஞ்சதைத்தான் நான் சொல்ல முடியும்மா. அன்னைக்கும் இந்தக் கைக்கு இதேதான் தெரிஞ்சுது."

"நானே வெச்சுக்கிறேன்" என்றேன்.

"எங்க, மாடியில உன் ரூம்லயா?" என்றான் அண்ணன். அவன் குரலும் உடைந்துதான் இருந்தது.

சாயங்காலம் வண்டி வந்தது. வண்டிக்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான், பின்னாலிருந்து தட்டினான். மாப்பிள்ளை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு ஓர் அடி நகரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான்.

நான் வண்டிக்குள் ஏறி நின்று கூப்பிட்டேன். வந்துவிட்டது.