விற்காத பொட்டலம்

திண்டிவனம் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த கோதண்டபாணிக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. புதிதாக எந்த மருந்து வந்தாலும், மூடியைக்கூடத் திறக்காமல், ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவார். விழுப்புரம் போக வேண்டிய கம்பெனிக்காரர்கள்கூட இவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுப்போகத் திண்டிவனத்தில் இறங்குவார்கள். டானிக் சிவப்பாக இல்லையா, எவனும் தொடமாட்டான். தலைவலித் தைலம் கண்ணில் தண்ணீர் வரவழைக்கவில்லையா, மறுபடி வாங்கமாட்டான். சொன்னது ஒன்றும் தப்பியதில்லை. அந்தக் கர்வமும் மனுஷருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில், நர்சாக இருந்து ஓய்வு பெற்ற லூர்துமேரி ஒரு பை நிறையப் பொட்டலங்களோடு கடைக்கு வந்தாள். அவளே யோசித்து அவளே கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு புது பிளேடு, கொதிக்கவைத்து உலர்த்திய நூல், சோப்புத் துண்டு, வெள்ளைத் துணி. வீட்டில் பிரசவம் பார்க்கிறவர்கள் தொப்புள்கொடி அறுப்பதற்கு. கண்ட கத்தியால் அறுத்துத்தான் எட்டாம் நாள் ஜன்னி வந்து பிள்ளைகள் சாகின்றன, மயிலம் பக்கத்தில் மட்டும் இந்த வருஷம் ஒன்பதைப் புதைத்தாயிற்று என்றாள்.

கோதண்டபாணி பொட்டலத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது விக்காது நர்சம்மா. வயித்துல இருக்கிற புள்ளைக்கு நம்ம ஜனங்க ஒரு முழத் துணிகூட வாங்கமாட்டாங்க. பொறந்தப்புறம் கடைக்கு ஓடியாரதுக்குள்ள கொடிய அறுத்துப்புடுவாங்க."

அவள் விடவில்லை. போனால் போகிறதென்று ஒரு மூலையில் வைக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் ஒன்று நகரவேண்டுமே! கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இதற்கிடையில் விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அம்சவள்ளி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஐந்து வருஷம் ஏங்கி, திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு தங்கிய கர்ப்பம். அதைக் கேள்விப்பட்டு லூர்துமேரி கடைக்கு வந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டி, காசு வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சினாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கோதண்டபாணி அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எம் பொண்ணுக்கே நான் எடுத்துக்கினு போவமாட்டேன். அப்புறம் ஊருல எவன் வாங்குவான்? இதுக்குமேல சாட்சி வேணுமா?"

ஐப்பசியில் ஆண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி வெள்ளையம்மாள் அடுக்களை அரிவாள்மணையில் கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்பினாள். எட்டாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. வாய் பூட்டிக்கொண்டது. தொட்டால் உடம்பு விறைத்தது. வாடகைக் கார் பிடித்து விழுப்புரம் டாக்டரிடம் ஓடினார்கள். அவர் கொடியை எதால் அறுத்தீர்கள் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக் கையை விரித்துவிட்டார். திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அம்சவள்ளி மடியிலேயே பிள்ளையின் உயிர் போனது. பாவம், பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து லூர்துமேரி துக்கம் விசாரிக்க வந்தாள். டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அம்சவள்ளி விசாரித்தபோது லூர்துமேரியால் மறைக்கமுடியவில்லை, பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவள் போனபின் அம்சவள்ளி அப்பாவைக் கூப்பிட்டாள். பால் கட்டி மார்ச்சேலை நனைந்திருந்தது.

"நைனா, அந்தப் பொட்டலம் நம்ம கடையிலதான் இருந்துதாமே?"

அவர் தலையாட்டினார். ஊரில் ஒருத்தரும் வாங்கவில்லை என்று எதையோ சொல்லத் தொடங்கினார்.

"விக்கிறது கெடக்கட்டும். அது புள்ளைய காப்பாத்துமா, காப்பாத்தாதான்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

மகளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா," என்றார். "விக்குமான்னு மட்டுந்தான் பார்த்தேன்."