ரெண்டே முக்கால் வருஷம்

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வீட்டுக்கடன் வட்டி இறங்கிக்கொண்டே வந்தது. வேலூரில் நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அதே பேச்சு. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "உங்களுது எவ்ளோ?" என்று சர்க்கரை அளவை விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டார்கள். எட்டரை என்று சொன்னவர் பதவி உயர்வு வாங்கினவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெபசீலனுடையது பதினாலு. அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மற்றவர்கள் வட்டியை ரூபாயில் கணக்குப் போட்டார்கள். ஜெபசீலன் வருஷத்தில் போட்டார். அவர் மனைவி பொன்மலர் சவுதியில், தமாமில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பும்போது, "கடன் முடிஞ்சதும் வந்துடுறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய வட்டியில் கடன் முடிய இன்னும் ஒன்பதரை வருஷம். வட்டியை எட்டுக்குக் கீழே இறக்கி, மாதத் தவணையைக் குறைக்காமல் அப்படியே கட்டிவந்தால் ஆறே முக்கால் வருஷத்தில் முடிந்துவிடும். அதாவது ரெண்டே முக்கால் வருஷம் முன்னாலேயே பொன்மலர் வந்துவிடுவாள். காலண்டர் அட்டையின் பின்பக்கம் இந்தக் கணக்கை அவர் ஏழு தடவை போட்டுப் பார்த்திருந்தார். ஏழு தடவையும் அவள் வந்தாள்.

வீடு சத்துவாச்சாரியில். மூன்று பெட்ரூம் வேண்டும் என்று அடம்பிடித்தது அவர்தான். ஒன்று தங்களுக்கு, ஒன்று மகள் ரெனிட்டாவுக்கு, ஒன்று விருந்தாளிக்கு. ரெனிட்டா சென்னையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். விருந்தாளி என்று இதுவரை வந்தது கரண்ட் ரீடிங் எடுப்பவர் மட்டும். அவரும் வராந்தாவோடு போய்விடுவார். மூன்று பெட்ரூமுக்கும் பதினாலு பர்சென்ட் கட்டிக்கொண்டு, ஜெபசீலன் ஹாலில் டிவிக்கு எதிரே படுத்துக்கொண்டார்.

வேலை ஆம்பூரில். ஒரு டேனரிக்குப் பச்சைத் தோல் வாங்கிப் போடுவது, இருபத்தாறு வருஷம். தோல் மண்டியில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். முழு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, பாதி விரலுக்கு ஒரு கணக்கு, நகத்தால் கீறினால் கால். என்ன விலைக்கு முடிந்தது என்று சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் துண்டு.

மண்டித் தரகர் ஷபீ அஹமது ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தோஸ்த், பேங்க் பேங்க்கா ஏறி எறங்கறியாமே?"

"ரேட் கேக்கறேன் பாய். அவ்ளோதான்."

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு? உங்க வீட்டம்மா சம்பளத்துக்கு, மனசு வெச்சா ரெண்டு வருஷத்துல மொத்தத்தையும் அடைச்சிட்டு வந்திருக்கலாமே."

"ரெனிட்டா ஃபீஸ் கீது. மச்சான் கல்யாணம் வேற வந்துச்சு."

"சரிப்பா, சரி."

ஷபீ டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். எந்த இடத்தில் விரலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நல்ல தரகருக்குத் தெரியும்.

கடனை மாற்றிக்கொள்ள அவர் போன முதல் பேங்க்கில் சுவர் நிறைய ஒரு குடும்பம் சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, ஒரு நாய். இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள் என்பதே ஜெபசீலனுக்குப் பகட்டாகத் தெரிந்தது. அங்கே ஒன்பது சொன்னார்கள். இரண்டாவது கம்பெனியிலிருந்து மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு ஓர் ஆள் வீட்டுக்கே வந்தார். "உங்க கனவுல நாங்க பங்குதாரர் சார்" என்றார். ஜெபசீலன் இரண்டு டம்ளர் மோர் கொடுத்து, ஃபேனை வேகமாக வைத்து, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டு ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார். போகும்போது விருந்தாளி ரூமையும் காட்டினார். அந்த ஆள் எட்டரை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்தான்.

மூன்றாவது பேங்க்கில் மேனேஜர் பெயர் சூரியபிரகாஷ். கண்ணியமான ஆள். எட்டு என்றார்.

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்."

"எட்டே கம்மி சார். எவ்ளோ எதிர்பார்க்கறீங்க?"

இருபத்தாறு வருஷப் பழக்கம் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. ஜெபசீலன் தோளிலிருந்த துண்டை மேஜைமேல் போட்டு, அதனடியில் கையை நுழைத்து, மேனேஜரின் வலது கையைப் பிடித்துவிட்டார். ஏழுக்கு முதலில் ஐந்து விரலையும் அப்புறம் இரண்டு விரலையும் பிடித்து, முக்காலுக்கு மூன்று முறை கீறினார்.

சூரியபிரகாஷ் திகைத்தார். கடன் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், கத்தினவர்களைப் பார்த்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரை முதல்முறையாகப் பார்த்தார். இழுத்துக்கொள்ளத் தோன்றாமல், இன்னொரு கையையும் துண்டின்மேல் வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

"வீட்ல ஏதாவது துக்கமா சார்?"

"இல்ல... ஏழே முக்கால்."

அதற்குள் கவுன்டரில் இருந்த பெண் எழுந்து நின்று பார்த்தாள். ஜெபசீலனுக்குக் காது சூடாகிவிட்டது. மண்டி வழக்கத்தைச் சொன்னதும் மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில் மேலிடத்துக்குப் போன் போட்டு ஏழே முக்காலை வாங்கியும் கொடுத்தார். ஜெபசீலன் அப்புறம்தான் அவர் கையை விட்டுத் துண்டை எடுத்தார். சர்ச்சில் சமாதானம் சொல்லும்போது பக்கத்து சீட்டுக்காரர் விரல் நுனியைத் தொடுவதைத் தவிர, மூன்று வருஷத்தில் அவர் கையை யாரும் இவ்வளவு நேரம் வைத்திருந்ததில்லை.

படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. "வட்டி கம்மியாவறதை எதுல எடுத்துக்கறீங்க?" என்றார் மேனேஜர். "தவணையைக் குறைக்கலாம், இல்லன்னா வருஷத்தைக் குறைக்கலாம். லோன்ல உங்க மிஸஸ் பேரும் இருக்கறதால அவங்களும் கையெழுத்து போடணும்."

"வருஷம் சார். வருஷம்தான்."

அந்தக் கட்டத்தில் அவர் பென்சிலால்தான் டிக் போட்டார். பொன்மலரைக் கேட்காமல் மையில் போடுவது மரியாதையாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. எப்போதும்போல நாலு நிமிஷம்.

"மலர், ஏழே முக்கால் முடிச்சிட்டேன்! ரெண்டே முக்கால் வருஷம் கம்மி, தெரியுமா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் ரிசீவரைக் குலுக்கினார்.

"நல்ல ரேட்டுங்க" என்றாள் பொன்மலர். "ஃபாரத்தை அனுப்புங்க. பாக்கறேன்."

பதினெட்டு நாள் கழித்துக் கூரியரில் படிவம் திரும்பி வந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. பென்சில் டிக்கை ரப்பர் வைத்து அழித்திருந்தாள். தாள் கசங்காமல், கட்டத்தின் கோடு மங்காமல், ஊசி போட்ட இடத்தைத் துடைக்கிற சுத்தத்தோடு. பக்கத்துக் கட்டத்தில் நீல மையில் டிக் இருந்தது. தவணை குறைப்பு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "மாசம் ஆயிரத்து எழுநூத்தம்பது மிச்சமாகும். ரெனிட்டாவுக்கு ஆகும். வேளைக்குச் சாப்பிடுங்க."

ஜெபசீலன் காலண்டரை எடுக்கவில்லை. இந்தக் கணக்குக்கு அட்டை தேவைப்படவில்லை. ஒன்பதரை வருஷம் ஒன்பதரை வருஷமாகவே இருந்தது.

மறுநாள் பேங்க்கில் மேனேஜர் படிவத்தைப் புரட்டினார். "தவணையா? நீங்க வருஷம்னு இல்ல சொன்னீங்க?"

"அவங்க நல்லா யோசிச்சுப் போட்டிருக்காங்க சார்."

அவள் கையெழுத்துக்குக் கீழே ஜெபசீலன் தன்னுடையதைப் போட்டார்.

"ஆறேகால் பர்சென்ட் இறக்கியிருக்கீங்க! இந்தப் பிராஞ்சுலயே இது பெரிய விஷயம்" என்று சூரியபிரகாஷ் எழுந்து கையை நீட்டினார்.

ஜெபசீலன் அதைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் இரண்டு முறை குலுக்கினார். மூன்றாவது முறை மெல்ல இழுத்துப் பார்த்தார். கவுன்டர் பெண் மறுபடி எழுந்து நின்றாள். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் துண்டு கொண்டுவரவில்லை.