பதினாறு ஆள் ஜமுக்காளம்

1

1962 மே 20, ஞாயிற்றுக்கிழமை. சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், கோட்டைச்சாமி வீட்டு முன்னறையில் பகல் இரண்டு மணிக்கு ஒரு புது ஜமுக்காளம் விரிக்கப்பட்டது. அது சுவருக்குச் சுவர் தரையை மூடியது.

கதை பிறந்தது அங்கே அல்ல, கமாலுதீன் கடையில். சிவகாசியில் ஜமுக்காளம் விற்கும் கமாலுதீன் எத்தனை அடி என்று கேட்பதில்லை. "எத்தன ஆளுக்கும்மா?" என்பார்.* அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்ன ஒருத்தியை எழுதிப் பார்க்க நினைத்தேன்.

* சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஓர் ஆளுக்கு இரண்டடி. அவர் கணக்கு அவ்வளவுதான்.

2

பஞ்சம்மாளின் கண்களில்

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். கடையில் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.)

பஞ்சம்மாள் கோட்டைச்சாமியின் மனைவி. மகள் செல்லத்தாயைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து ஐந்து பேர் வருவதாக இருந்தது.

"அஞ்சு பேருக்கு எட்டு ஆள் ஜமுக்காளம் தாராளம்," என்றார் கமாலுதீன்.

"பதினாறு குடுங்க, பாய்."

"பொண்ணு பாக்க வாராகளா, பொதுக்கூட்டத்துக்கு வாராகளா?"

"பதினாறு குடுங்க."

காரணத்தை அவள் சொல்ல முடியாது. முன்னறையில், வாசலைத் தாண்டியதும் தரையில் சுளகு அகலத்துக்கு ஒரு கருப்பு. போன தீபாவளி சீசனில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆர்டருக்காக வீட்டில் வைத்துத் திரி சுற்றினார்கள். சிம்னி விளக்கு சாய்ந்தது. செங்கல் பொடிக்கும் சுண்ணாம்புக்கும் கருப்பு போகவில்லை. செல்லத்தாயின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்த தழும்பும் போகவில்லை. தழும்புக்கு முழுக்கை ஜாக்கெட் தைத்தாயிற்று. தரைக்கு இது.

3

அறைக்குப் பொருத்தமான ஜமுக்காளம் நாலு பக்கமும் ஒரு முழம் தரையை வெளியே விடும். அழகுக்காக மட்டும் அல்ல. வந்தவர்கள் ஜமுக்காளத்தில் உட்காருவார்கள், வீட்டார் அந்த ஒரு முழத்தில் உட்காருவார்கள்.

முதல் வரைவில் பஞ்சம்மாளை எட்டு ஆள்தான் வாங்க வைத்தேன். முழம் கிடைத்தது. கருப்பும் ஒரு சாண் தெரிந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே கதை முடிந்துவிட்டது. அதனால்தான் பதினாறு.

"நாம எங்கன உக்கார?" என்றார் கோட்டைச்சாமி.

"நின்னா கால் ஒடிஞ்சிராது."

"சம்பந்தம் பேசுறப்ப நிக்கிறதுக்கு, நான் என்ன காவக்காரனா?"

அடுப்படியிலிருந்து செல்லத்தாய் சொன்னாள்: "எனக்கும் ஒரு ஜமுக்காளம் தச்சுப் போட்டிருக்கியேம்மா, வேர்த்து ஊத்துது."

"ஏளா, வாய மூடு."

"அதுக்கும் ஒண்ணு வாங்கியாந்தியா?"

4

ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளைத்தாய் வாசல் பக்கம் உட்கார்ந்தாள். (ஏன் அங்கே? வெக்கை, காற்று வரும். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.) சுவரோரம் நின்றுகொண்டிருந்த பஞ்சம்மாளையும் கோட்டைச்சாமியையும் பார்த்தாள்.

"நீங்க நிக்க, நாங்க உக்கார, நல்லாவா இருக்கு மதினி? உக்காருங்க."

"இருக்கட்டும் மதினி."

"சமமா உக்காரக் கூச்சமா இருந்தா, இந்தா தரை."

உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிடித்து இரண்டு முழம் மடித்துவிட்டாள். மரியாதைக்காகத்தான் மடித்தாள்.

கருப்பு வெளியே வந்தது. வெள்ளைத்தாய் அதை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள். அந்த வட்டாரத்தில் அது திரி மருந்து எரிந்த கருப்பு என்று தெரியாதவர்கள் கிடையாது.

"எந்தக் கை?" என்றாள்.

(இங்கே பஞ்சம்மாளுக்காக மூன்று பொய்கள் எழுதி மூன்றையும் அடித்தேன். அவற்றில் ஒன்று: வீடு வாங்கும்போதே)

பஞ்சம்மாள் வாய் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து வந்த செல்லத்தாய் காபித் தட்டைக் கீழே வைத்தாள். இடது கையின் துணியைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

"மடங்குதா?" என்றாள் வெள்ளைத்தாய்.

"மடங்கும்." மடக்கிக் காட்டினாள்.

வெள்ளைத்தாய் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். தரை கிடைத்ததும் கோட்டைச்சாமி அந்தக் கருப்பின் மேல் உட்கார்ந்தார்.

5

"சொல்லி அனுப்புறோம்," என்று ஐந்து மணி பஸ்ஸில் போனார்கள்.

என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தாம்பூலத்துக்கு நாள் குறிக்கிறார்கள். வெள்ளைத்தாயை அவ்வளவு நல்லவள் ஆக்க நான் யார் என்று தோன்றியது. மற்றதில் பதிலே வரவில்லை. அவளை அவ்வளவு கெட்டவள் ஆக்கவும் என்னிடம் காரணம் இல்லை. "மடங்குதா?" என்று அவள் எந்தக் குரலில் கேட்டாள் என்று நான் எழுதவில்லை. உங்களுக்கு எந்தக் குரலில் கேட்டதோ, பதில் அதுதான்.

அன்று மாலை பஞ்சம்மாள் ஜமுக்காளத்தை உதறி எட்டாக மடித்தாள். டிரங்குப் பெட்டிக்குள் அது போகவில்லை.